நம் ஊர் கிளினிக்குக்கு எந்த நோயாளர் பதிவு மென்பொருள்?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அக்கரைப்பற்றில் இரண்டு டொக்டர்மார் பார்க்கும் தனியார் மருத்துவ நிலையம் நடத்துகிறீர்கள். கூடவே சின்ன ஆய்வுகூடமும் மருந்து கொடுக்கும் கவுண்டரும் இருக்கின்றன. இதுவரை எல்லாம் அட்டையிலும் கொப்பியிலும்தான். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அங்கே பெரிய மருத்துவமனைகளில் ஓடும் எபிக் என்ற மென்பொருளைப் புகழ்கிறார். இந்திய நிறுவனம் ஒன்று மாதச் சந்தாவுக்கு அழைக்கிறது. கொழும்பில் ஒருவர் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் ஓப்பன்இஎம்ஆர் என்ற மென்பொருள் இலவசம் என்கிறார்கள். "இதில் எது திறம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அடியில் இருக்கும் பயம் வேறு: அட்டையை விட்டுவிட்டுக் கணினிக்கு மாறி, மூன்று வருடத்தில் அது சரிவராமல் போனாலோ விற்றவர் கடையைப் பூட்டினாலோ, நோயாளர்களின் வரலாறு உங்கள் கையில் மிஞ்சுமா? அந்தப் பயம் சரியான பயம். அதை முன்னால் வைத்தே எல்லாவற்றையும் ஒப்பிடுகிறேன்.

நான் வைத்தியன் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள சிறிய மருத்துவ நிலையங்களில் இந்த முறைகளை நிறுவி, ஊழியர்களுக்குப் பழக்கி, பழுதாகும்போது ஓடிப்போய்ப் பார்க்கும் வேலை பல வருடமாகச் செய்கிறேன். மருத்துவத் தீர்மானங்களில் நான் வாய் வைக்க மாட்டேன். கவுண்டரிலும் டொக்டரின் மேசையிலும் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எபிக், ஒராக்கிள் வாங்கிய சேர்னர் போன்றவற்றை ஒதுக்கிவிடலாம். அவை பெரிய மருத்துவமனைகளுக்கும் அவற்றின் வலையமைப்புகளுக்குமானவை, நம் பக்கத்து இரண்டு டொக்டர் கிளினிக்குக்கு ஏற்றவை அல்ல. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்கு எழுதப்பட்டவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2009இல் வந்த சட்டம் ஒன்று, கணினிப் பதிவுக்கு மாறும் டொக்டர்களுக்கு அரசாங்கக் காசைக் கொடுத்தது. அதனால் மென்பொருள்கள் காப்புறுதிக் கட்டணத்தையும் அரசாங்க அறிக்கைகளையும் சுற்றியே வளர்ந்தன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு மாநிலங்களில் 57 மருத்துவர்களைப் பக்கத்தில் நின்று கவனித்தது. நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்பது அதன் முடிவு. நமக்கு அந்தக் காப்புறுதிச் சுமை இல்லை. ஆகவே அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது நமக்கும் முதலிடம் என்று எடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் அமெரிக்காவில் நடந்த இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும். பிராக்டிஸ் ஃபியூஷன் என்று ஒரு மென்பொருள். 2005இல் தொடங்கியது, சிறிய கிளினிக்குகளுக்கு முற்றிலும் இலவசம், செலவை விளம்பரம் பார்த்துக்கொண்டது. ஏராளமான டொக்டர்கள் சேர்ந்தார்கள். 2018இல் ஓல்ஸ்கிரிப்ட்ஸ் நிறுவனம் அதை 100 மில்லியன் டொலருக்கு வாங்கியது, அந்த வருடமே இலவசம் முடிந்து சந்தா வந்தது. அதைவிடப் பெரியது 2020 ஜனவரியில் வெளிவந்தது. அபின் வகை வலி நிவாரணி தயாரிக்கும் கம்பனி ஒன்றிடம் காசு வாங்கிக்கொண்டு, டொக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் தோன்றும் மருத்துவ அறிவுறுத்தலை அந்தக் கம்பனிக்குச் சாதகமாக வடிவமைத்தார்கள் என்ற வழக்கில், 145 மில்லியன் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். டொக்டர் மருந்து எழுதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் விற்றிருக்கிறார்கள். எனவே யாராவது இலவசம் என்று வந்தால், காசு எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். மருந்துக் கம்பனியின் பெயர் பதிலில் வந்தால் எழும்பிவிடுங்கள்.

இரண்டாவது, ஈகிளினிக்கல்வேர்க்ஸ் என்ற இன்னொரு பதிவு மென்பொருள் நிறுவனம். 2017இல் 155 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. சான்றிதழ்ப் பரீட்சையில் கேட்கப்படும் 16 மருந்துக் குறியீடுகளை மட்டும் உள்ளே எழுதிவைத்துச் சித்தியடைந்தது என்பது அதன்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. விற்பனையாளர் காட்டும் செயல்முறை விளக்கமும் அப்படித்தான் இருக்கக்கூடும். அவர் கொண்டுவரும் மாதிரி நோயாளியைப் பார்க்காதீர்கள். உங்கள் அட்டைகளில் பத்தைப் பெயரை மறைத்து எடுத்து, கவுண்டரில் இருக்கும் பிள்ளையையே உட்காரவைத்து அவற்றைப் பதியச் சொல்லுங்கள். ஒரு மத்தியானத்தில் உண்மை தெரிந்துவிடும்.

சரி, ஓப்பன்இஎம்ஆருக்கு வருவோம். உங்கள் அளவிலான இடத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். இருபது வருடத்துக்கு மேலாக வளர்ந்துவரும் திறந்த மூலநிரல் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்), உரிமக் கட்டணம் கிடையாது, சாதாரண கணினி ஒன்றை சேர்வராக, அதாவது மற்றக் கணினிகள் எல்லாம் தொடுக்கும் மையக் கணினியாக வைத்து உள்வீட்டு வலையமைப்பில் ஓடும். இணையம் போனாலும் வேலை நிற்காது. நோயாளர் பதிவு, ஒவ்வாமை, நீண்டகால நோய்ப் பட்டியல், மருந்துத் துண்டு, பரிசோதனை முடிவுகள், நேர ஒதுக்கீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. நோயாளர் தரவு மைஎஸ்கியூஎல் வகைத் தரவுத்தளத்தில் உங்கள் அறைக்குள்ளேயே கிடக்கும். நாளைக்கு என்னைப் பிடிக்காவிட்டாலும் கணினி தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டுத் தரவை வெளியே எடுக்கலாம். நீங்கள் பயப்படும் விஷயத்துக்கு இதைவிட நல்ல பதில் மற்ற எதிலும் இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நிறுவியவுடன் திறந்தால் அமெரிக்கா முகத்தில் அடிக்கும். நோயாளர் படிவத்தில் சமூகப் பாதுகாப்பு இலக்கம், மாநிலம், இனம், மூன்று நான்கு காப்புறுதிப் பக்கம் என்று இருக்கும். படிவ அமைப்பில் போய் வேண்டாதவற்றை மறைத்து, சமூகப் பாதுகாப்பு இலக்கத்துக்கான கட்டத்துக்கு 'அடையாள அட்டை' என்று பெயர் மாற்றி, கிராமசேவகர் பிரிவுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். இதற்கு மூலநிரலைத் தொடத் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். மருந்துப் பெயர்தான் அதைவிடத் தொல்லை. அமெரிக்கப் பட்டியலை ஏற்றினால் பரசிட்டமோல் அங்கே அசிட்டமினோஃபென், சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். இந்திய மென்பொருளில் குரோசின், டோலோ என்று வரும், நம் ஆட்களுக்கு அது பனடோல். உங்கள் அலமாரியில் உண்மையாக இருக்கும் மருந்துகளை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி ஏற்றுவதுதான் ஒழுங்கான வழி. சிறிய நிலையம் ஒன்றில் அந்தப் பட்டியல் ஒன்றும் கடலளவு இல்லை. பொதுப் பெயரில் எழுதி, வணிகப் பெயரைப் பக்கத்தில் வையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓப்பன்இஎம்ஆரில் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள், அவை திருத்தப்பட்டன. இதைக் காட்டி அது ஆபத்தானது என்று சிலர் சொல்வார்கள். மூடிய மென்பொருளிலும் ஓட்டை இருக்கும், வெளியே தெரிவது குறைவு, அவ்வளவுதான். புதுப்பிப்புகளைத் தவறாமல் போடுங்கள், வீட்டிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு அதை நேரே இணையத்தில் திறந்துவைக்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். கவுண்டரில் எல்லாரும் டொக்டரின் பெயரில் உள்நுழைவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அப்படி இருந்தால் யார் எதை மாற்றினார்கள் என்று பிறகு ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

மற்றத் திறந்த மூலநிரல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓப்பன்எம்ஆர்எஸ் 2004இல் தொடங்கி கென்யாவில் எச்ஐவி சிகிச்சைப் பதிவுகளோடு வளர்ந்தது. அருமையான அடித்தளம், ஆனால் அடித்தளத்தின்மேல் வீட்டைக் கட்ட ஆள் வேண்டும். மென்பொருள் எழுதுபவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். பஹ்ம்னி அதே ஓப்பன்எம்ஆர்எஸ்ஸோடு ஆய்வுகூடத்துக்கு ஓப்பன்எலிஸ், கணக்குக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமப்புறத்தில் இயங்கும் மருத்துவமனைக்காக உருவானது என்பதால் நம் போன்ற இடங்களின் கஷ்டம் அதற்குத் தெரியும். வார்ட் உள்ள, நாளெல்லாம் ஆய்வுகூடம் ஓடும் மருத்துவமனை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிறிய கிளினிக்குக்கென்று லைட் வடிவமும் உண்டு, ஆனாலும் பராமரிக்கக் கொஞ்சம் விஷயம் தெரிந்த கை வேண்டும். க்னூ ஹெல்த் பொதுச் சுகாதாரத்தையும் சமூக நிலையையும் சேர்த்துப் பார்க்கும் பரந்த மனது கொண்டது, கவுண்டரில் வரிசை நிற்கும் கிளினிக்குக்கு அது கனம். டொம்பே வைத்தியசாலையில் பெயர்பெற்ற எச்எச்ஐஎம்எஸ் என்ற மென்பொருள் நம் நாட்டு அரச வைத்தியசாலை நடைமுறைக்கு எழுதப்பட்டது. வெளிநோயாளர் பிரிவு, வார்ட், மருந்தகம் என்ற அந்த ஓட்டம் தனியார் இடத்துக்கு அப்படியே பொருந்தாது, அதில் கட்டண வேலையை நீங்கள்தான் சேர்க்க வேண்டிவரும்.

இந்திய மேகச் சேவைகள் (இணையம் வழியே விற்பவரின் சேர்வரில் ஓடுபவை), பிராக்டோ ரே போன்றவை, பார்க்க அழகானவை, பழகுவது சுலபம். இதில் பொய் இல்லை. முதல் வாரத்திலேயே ஊழியர்கள் கை ஓடத் தொடங்கிவிடும். ஆனால் சந்தா ஏறினால் நீங்கள் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள், ரூபாவின் பெறுமதி விழுந்தால் சந்தா தானாகவே ஏறும். 2022இல் டொலர் எங்கே போனது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஒருவர் எழுதித் தரும் மென்பொருளில் வேறு அனுகூலம் இருக்கிறது: நம் நடைமுறை அவருக்குத் தெரியும், தமிழில் திட்டலாம், உடனே திருத்துவார். அவர் வெளிநாடு போய்விட்டால் என்ன ஆகும் என்பதே அங்கே கேள்வி. இந்த இரண்டு வகைக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன், பத்துப் போலி நோயாளர்களைப் பதிந்து, மருந்து எழுதி, பரிசோதனை முடிவு ஏற்றி, "இதை எல்லாம் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எனக்கு இப்போது தாருங்கள்" என்று கேளுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் வந்து, நோய்க்குறிப்பும் மருந்தும் வராவிட்டால் அது வெளியேற வழியில்லாத வீடு. எஃப்எச்ஐஆர் என்ற பரிமாற்றத் தரத்தில் தருவோம் என்றால் இன்னும் நல்லது, ஆனால் வாயால் சொன்னால் போதாது, கோப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூலநிரலின் பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கும் என்பதை உள்ளூர்க்காரரின் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, எந்த ஒப்பீட்டிலும் வராத ஒன்று. நம் பக்கத்தில் ஒரு கணினிப் பதிவு முறை வாழ்வதும் சாவதும் நோயாளியைத் தேடி எடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். காத்தான்குடியில் ஓர் இடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்து ஒரே தொலைபேசி இலக்கத்தைச் சொல்கிறார், அது சவூதியில் இருக்கும் கணவர் வாங்கிக் கொடுத்த சிம். அந்த இலக்கத்தில் ஏற்கெனவே மாமியாரும் மச்சாளும் பதிந்திருக்கிறார்கள். பெயர் ஃபாத்திமா என்று தட்டினால் ஃபாத்திமா, பாத்திமா, ஃபாதிமா என்று திரை நிறையப் பெயர். வரிசை நீள்கிறது. கவுண்டரில் இருந்த பிள்ளை பெருமூச்சு விட்டுப் புதிதாக ஒரு பதிவைத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான், பென்சிலின் ஒவ்வாமை என்று சென்ற வருடம் டொக்டர் எழுதிய குறிப்பு பழைய பதிவில் தங்கிவிட்டது, புதிய பதிவு வெறுமையாக இருக்கிறது. தமிழ்ப் பெயர்களிலும் இதே கதை. முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா, தகப்பன் பெயரா கணவன் பெயரா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

அடையாள அட்டை இலக்கம் பெரியவர்களுக்கு உதவும், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, நாள் இலக்கத்துக்கு (வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டும் மூன்று இலக்கம்) பிறகு ஒரு சுழியம் செருகி, கடைசி எழுத்தை விட்டால் புதிய வடிவம் வரும். இரண்டும் ஒரே ஆள் என்பதை மென்பொருள் கண்டுகொள்ள வேண்டும், கண்டுகொள்ளாவிட்டால் அட்டை மாற்றியவர்கள் எல்லாரும் இரண்டு பேராகிவிடுவார்கள். அந்த இலக்கத்திலிருந்தே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் எடுக்கலாம், பெண்களுக்கு நாள் இலக்கத்தில் 500 கூட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அட்டை கிடையாது, அவர்களுக்குத் தாயின் இலக்கமும் பிறந்த திகதியும். இவற்றோடு உங்கள் சொந்த இலக்கம் ஒன்றைப் பட்டைக்குறியாக அச்சடித்து நோயாளியின் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். நம் ஆட்கள் கிளினிக் கொப்பியை உயிராகப் பாதுகாப்பார்கள், அந்தப் பழக்கத்தைக் கணினி வந்த பிறகும் விடவேண்டாம். சுகாதார அமைச்சு அறிமுகப்படுத்திய தனிநபர் சுகாதார இலக்கத்துக்கும் ஒரு கட்டம் விட்டுவையுங்கள்.

மருந்து உறையில் தமிழ் அச்சாவதையும் வாங்கும் முன் பாருங்கள். சிறிய வெப்ப அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தம் சொந்த எழுத்தில் தமிழை அறியாதவை, சதுரமும் கேள்விக்குறியுமாக வரும். எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால் ஒழுங்காக வரும். டொக்டர் டீ.டீ.எஸ் என்று தட்டினால் 'காலை, பகல், இரவு – சாப்பாட்டுக்குப் பின்' என்று அச்சாக வேண்டும், அம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் நோயாளிக்குச் சிங்களத்தில் வர வேண்டும். யுனிகோட் என்ற பொதுத் தரத்துக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இன்னும் வேலை செய்யும் மென்பொருள் என்றால் வேண்டாம். யுனிகோட் இல்லாத தமிழை நாளை வேறெங்கும் சுலபமாகக் கொண்டுபோக முடியாது. டெங்கு சந்தேகம் என்று குறித்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பும் 544 அறிவித்தல் படிவம் நிரம்பி அச்சாகும்படி செய்துகொள்வதும் நல்லது. மார்கழி மழைக் காலத்தில் அந்த ஒன்றே டொக்டரின் நேரத்தைக் காப்பாற்றும்.

கரண்டும் பிரதியும். சேர்வருக்கும் வைபை பெட்டிக்கும் கவுண்டர்க் கணினிக்கும் மின்காப்புப் பெட்டி (யூபிஎஸ்) வேண்டும். வைபை பெட்டியை மறந்துவிட்டு சேர்வருக்கு மட்டும் போடுபவர்கள்தான் அதிகம், பிறகு சேர்வர் ஓடும், யாராலும் அதைத் தொட முடியாது. சேர்வரை நிலத்தில் வைக்காதீர்கள், வெள்ளம் வந்தால் முதலில் போவது அதுதான். தினமும் இரவு ஒரு பிரதி, அது பூட்டுக்குறியிடப்பட்டு (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி) வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு அழிந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்க மேகத்தின்மேல் நடந்த தாக்குதலில் மே நடுப்பகுதியிலிருந்து அதுவரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன, அந்தக் காலத்துக்கு வெளிப் பிரதி இருக்கவில்லை. பெரிய இடங்களுக்கே இந்த நிலை. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து ஒரு நோயாளியின் பதிவைத் தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை உறுதியானவை இரண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கணினிப் பதிவை ஏற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகப் பார்க்கிறது, தரவை வெளிநாட்டில் வைப்பதற்கும் அதில் விதிகள் உண்டு. மேகச் சேவை எடுத்தால் சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இதற்கு மேல் ஒரு சட்டத்தரணியிடம் போவதுதான் சரி, நான் சொல்லும் இடம் இது இல்லை.

இதுவரை சொன்னவை கிட்டத்தட்ட நிச்சயமானவை. நிச்சயம் இல்லாதது நேரம் மிச்சமாகுமா என்பது. சில டொக்டர்மார் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார்கள், சிலர் கடைசிவரை தட்டெழுத்தோடு போராடி நோயாளியின் முகத்தைப் பார்க்க மறந்துபோகிறார்கள். யார் எப்படி ஆவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் வழியை நான் காணவில்லை. வயதை வைத்தும் சொல்ல முடியாது. அதனால் டொக்டரின் மேசையில் குறைந்ததைக் கேட்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்: ஒவ்வாமை, நீண்டகால நோய், இன்றைய மருந்து, அழுத்தம், சீனி. மிச்சக் குறிப்பை அவர் பேனையால் எழுதினாலும் பரவாயில்லை, படம் பிடித்துப் பதிவோடு இணைத்துவிடலாம்.

என் இடத்தில் இருந்து சொன்னால், நீங்கள் ஓப்பன்இஎம்ஆரை உள்வீட்டு சேர்வரில் போடுங்கள், பராமரிக்க ஊரில் ஓர் ஆள் கிடைக்கிறார் என்ற நிபந்தனையோடு. கிடைக்காவிட்டால், நான் சொன்ன கோப்புச் சோதனையில் தேறும் உள்ளூர் மென்பொருள். அதுவும் இல்லாவிட்டால்தான் மேகம். முதல் மாதம் பதிவும் இலக்கத் துண்டும் மட்டும், அது ஓடியபின் மருந்து, கடைசியாக ஆய்வுகூடம். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். பழைய அட்டைகளை எல்லாம் உட்கார்ந்து தட்டெழுதவும் வேண்டாம். ஆள் வரும்போது அவருடைய அட்டையை எடுத்து, ஒவ்வாமையையும் நோய்ப் பட்டியலையும் மட்டும் டொக்டரே பார்த்து ஏற்றட்டும், அட்டையின் மூலையில் ஏற்றிய திகதியை எழுதிவிட்டுத் திரும்ப அடுக்கில் வையுங்கள். ஒரு வருடத்தில் அடிக்கடி வருபவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். நோன்பு மாதத்திலோ டெங்குக் காலத்திலோ தொடங்காமல், கூட்டம் குறைந்த மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.